குன்றின் மூன்று பெயர்கள்

செவ்வாய் பத்து மணிக்கு அறிக்கை வரும்.
பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
சைக்கிளில், காக்கி உறையில்,
அரக்கு வாசம் போகாமல்.
தமிழாக்குவது நான்.
அச்சுக் கோர்ப்பது பாவாடை.

"இந்த வாரமும் வெற்றியா?" என்பான்,
எழுத்துப் பெட்டிக்குள் குனிந்தபடி.
'ற்' தேய்ந்துவிட்டது,
மதராசிலிருந்து புதிதாய் வாங்க வேண்டும் என்று
முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.
வேறு சொல் போடு என்றார்.
ஒரு வாரம் 'ஜெயம்' போட்டோம்.

மாசியில் ஒரு குன்று பிடிபட்டது.
அதற்கு எண் மட்டும்: முன்னூற்றுப் பன்னிரண்டு.
ஆவணியில் ஒரு குன்று.
அதற்கு யாரோ ஒரு பெண்ணின் பெயர், லுய்சேத்.
தையில் இன்னொன்று,
பக்கத்து ஊரைச் சொல்லி. என் நாக்கில் நிற்காத ஊர்,
எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன்.
மூன்றிலும் கடைசி வரி ஒன்றே:
உயிர்ச்சேதம் சொற்பம்.
பிரெஞ்சில் 'இலேசு' என்றுதான் இருந்தது.
இலேசு என்று எழுதக் கை வரவில்லை.

சுவரில் இந்தோசீனா.
மூன்று குண்டூசிகள், மூன்று இடங்களில்.
குத்தியவன் நானே, உத்தேசமாக.

சம்பா கோயிலுக்கு எதிரே படக்கடை வைத்திருக்கும் அமலோர்
காகிதம் கடன் கேட்டு வந்தான்.
"பெரிய தாள் தீந்து போச்சு.
சொல்தா படம், தொப்பியோட,
மார் வரைக்கும் பெருசாக்கித் தாங்கறாங்க.
ஆவணிக்கப்புறம் பதினேழு."
எல்லாம் கல்யாணத்துக்கா என்று
கேட்க நினைத்து, கேட்கவில்லை.
அறிக்கைக் கோப்பின் ஓரத்தில்
பென்சிலால் பதினேழு என்று எழுதினேன்.

பங்குனியில், பாவாடையின் பக்கத்து வீட்டு மதலேனம்மாள்
குருசுக்குப்பத்திலிருந்து நடந்து வந்தாள்,
மகன் பஸ்தியானின் கடிதத்தோடு.
தணிக்கைக்காரருக்குத் தமிழ் தெரியாது போலும்,
மை படாமல் வந்திருந்தது.

"அம்மா, பழைய மேட்டுக்கே வந்திருக்கோம். மூணாவது தடவை.
போன மாசியில நான் வெட்டின குழி அப்படியே இருக்கு.
மண்வெட்டிப் பிடி ஒடைஞ்சு
எடக்கையால சரிச்சேன், அந்த ஓரங்கூட.
நடுவுல யாரோ இதுல படுத்திருந்திருக்காங்க.
ஒரு தீப்பெட்டி கெடந்துச்சு.
நம்ம ஆளுங்க தீப்பெட்டி இல்ல."

படித்துக் காட்டிவிட்டு
மறுபடி எனக்காக ஒருமுறை படித்தேன்.
எழுந்துபோய் இரண்டு குண்டூசிகளைப் பிடுங்கினேன்.
சுவரில் ஓட்டைகள் இருந்தன.

அந்த வாரம் மூன்று அறிக்கைகளையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக, தேதியோடு,
ஒரு எழுத்து மாற்றாமல் போட்டோம்.
அடியில் கடிதத்தின் ஏழு வரிகள், பெயரில்லாமல்.
"தலைப்பு?" என்றான் பாவாடை.
வேண்டாம் என்றேன்.
அவனுக்கும் நிம்மதி, ஒரு 'ற்' மிச்சம்.

வியாழன் அன்று கூப்பிட்டு அனுப்பினார்கள்.
மின்விசிறி சுற்றும் அறை. எலுமிச்சைச் சாறுகூடக் கொடுத்தார்கள்.
குன்றை இழந்தோம் என்பதற்கு ஆதாரம் என்ன என்றார் முசே.
மூன்று முறை பிடித்திருக்கிறீர்களே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.
வரும் மாதம் காகித ஒதுக்கீடு பாதி என்று
திரும்பி வருவதற்குள் முதலாளிக்குச் சேதி போயிருந்தது.

சனிக்கிழமை மதலேனம்மாள் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வந்தாள்.
மடிப்பில் அச்சு மை ஒட்டியிருந்தது.
முந்தானையால் துடைத்தாள், இன்னும் பரவியது.
பேப்பரில் வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
வாசற்படியில் நின்று,
"இப்ப அந்த மேடு யார் கையில இருக்கு?" என்றாள்.

கடிதத்தின் தேதிக்கு ஏழு வாரம் ஆகிறது.
என் சட்டைப்பையில் இந்த வார அறிக்கை இருந்தது.
நம் கையில் என்றது அது.

"தெரியலம்மா" என்றேன்.
உள்ளே பாவாடை
கோர்ப்பதை நிறுத்தியிருந்தான்.